இருட்டில் வளர்ந்த பிள்ளை

6-11-60, ஞாயிறு

விடிந்ததிலிருந்து மழை. அடுப்படி மூலையில் ஒழுகல், அண்டா வைத்தாயிற்று. தொண்டை கட்டிக்கொண்டது. மிளகுக் கஷாயம்.

நேற்று நான்காம் பாகம். மில்லுக்காரர்கள் கிளப் கொட்டகை நிரம்பி, வெளியிலும் குடை பிடித்துக்கொண்டு நின்றார்கள். சனிக்கிழமைக்கு ஒரு பாகமாகக் கதையை இழுத்தால் எவன் வருவான் என்று கேட்டவர்கள் எல்லாம் இப்போது முன்வரிசையில். நான் பார்வதி வேஷம். லூர்து என் மகள் மீனா. அவளை நான் விளக்குமாற்றால் அடிக்கிற கட்டத்தில் ஒரு பொம்பளை எழுந்து, "ஏய் பார்வதி, உன் கை அழுவிப் போவ! பச்சப் புள்ளய இப்புடியா அடிப்ப?" என்று கத்தினாள். லூர்து என் வயிற்றில் முகத்தைப் புதைத்துக்கொண்டு அழுதாள். உண்மையில் சிரித்தாள். எனக்கு மட்டும் தெரியும், வயிறு கூசியது.

முடிந்து வேஷம் கலைக்கிறபோது வாத்தியார் வந்தார். கதை எழுதுவது, சொல்லிக்கொடுப்பது, சத்தம் போடுவது எல்லாம் அவர்தான். பகலில் குமாஸ்தா வேலை. என் முகத்தைப் பார்க்காமல் கண்ணாடியைப் பார்த்துக்கொண்டு சொன்னார்.

"கோமளா, ரெண்டு வாரத்துல மீனா வளந்துடுறா."

"எவ்ளோ வளர்றா?"

"பதினெட்டு வயசு."

"ஒம்பது வயசுப் புள்ள ஒரே சனிக்கிழமையில பதினெட்டா?"

"நடுவுல விளக்க அணைச்சு ஏத்துறோம் இல்ல? ஜனங்க ஒண்ணும் கேக்க மாட்டாங்க."

"அப்ப எனக்கு?"

"உனக்குக் கொஞ்சம் நரை."

எனக்கு இருபத்தொன்பது முடியவில்லை. என் புருஷனாக நடிக்கிற சிங்காரம் அண்ணனுக்கு நாற்பது தாண்டிவிட்டது, அவருக்கு என்ன என்று கேட்டேன். "அவரு ஆம்பள. காதோரம் ஒரு கோடு போட்டா போதும்" என்றார்.

இவர் ஆர்மோனியத்தை மூடிக்கொண்டிருந்தார். பெண்டாட்டியைக் கிழவி ஆக்குகிறார்கள், கட்டினவர் துருத்தியைத் துடைக்கிறார்.

லூர்து வழக்கம்போல ராத்திரி எங்கள் வீட்டில். எங்கள் நெல்லித்தோப்பிலிருந்து அவள் வீடு இருக்கிற உப்பளம் வரை அந்த நேரத்தில் பிள்ளையை அனுப்ப முடியாது. காலையில் எண்ணெய் வைத்துக் குளிப்பாட்டி, பூசைக்கு மாதா கோயில் வாசலில் அவள் அம்மாவிடம் விட்டுவிட்டு வந்தேன். போகிற வழியில் சிவப்பு ரிப்பன் வாங்கித் தந்தால் வேண்டாம் என்கிறாள். "பொட்டி ரொம்பிப் போச்சாம்க்கா. அம்மா திட்டும்."

என்ன பெட்டி? கேட்டதற்கு மழையைப் பார்த்தாள்.

7-11, திங்கள்

மழை விட்டுவிட்டு. அரிசி, புளி, தலைவலித் தைலம் வாங்க வேண்டும்.

யோசித்துக்கொண்டே இருந்தேன். யார் வேலை இது?

சிங்காரம். ஜோடிக்குச் சின்னப் பெண்ணாக வேண்டுமென்று ஆசை. ஆனால் வருகிறவள் அவருக்கு மகள் அல்லவா, அதில் என்ன லாபம்? இருந்தாலும் முந்தாநாள் எனக்கு ஒரு வாழைப்பழம் கொடுத்தார். இதுவரை கொடுத்ததில்லை.

வாத்தியார். இனி வா. என்றே எழுதுகிறேன், முழுசாக எழுதும் மரியாதை போய்விட்டது. கடலூரிலிருந்து ஒரு பெண்ணைக் கூட்டி வருகிறாராம். யார் அவள்? அவருக்கு என்ன உறவு?

இவர். சந்தேகப்படக் கூடாது. படுகிறேன்.

இந்த நோட்டை இவர் படிக்க மாட்டார். தமிழ் எழுத்துக் கூட்டுவதற்குள் பொறுமை போய்விடும். ஸ்வரம் மட்டும்தான் வேகம்.

9-11, புதன்

ஒத்திகை. கடலூர்ப் பெண் வந்தாள். பேர் விமலா. பதினேழு என்கிறார்கள். கையில் மஞ்சள் பை, காலில் சேறு. நன்றாகத்தான் இருக்கிறாள். வசனத்தை மூக்கால் பேசுகிறாள். என்னைப் பார்த்ததும், "வணக்கங்க, நீங்கதான் எனக்கு அம்மாவா? சின்னதா இருக்கீங்களே" என்றாள். நல்ல மனதோடு சொன்னாளா, குத்திக் காட்டினாளா, தெரியவில்லை.

புதுக் கட்டம் இப்படி. நான் பெஞ்சியில் உட்கார்ந்து மீனாவுக்குத் தலை வாருகிறேன். "இந்த முடி எப்ப வளந்து, நான் எப்பப் பூ வெச்சுப் பாக்கப் போறேன்" என்கிறேன். விளக்கு அணைகிறது. ஆர்மோனியம். இருட்டில் லூர்து இடது பக்கம் ஓட வேண்டும், விமலா வலது பக்கமிருந்து வந்து அதே இடத்தில் உட்கார வேண்டும், நான் காதோரம் மாவைத் தேய்த்துக்கொள்ள வேண்டும். விளக்கு எரிகிறது. என் கையில் நீள முடி.

மூன்று தரம் செய்து பார்த்தோம். முதல் தரம் விமலா என் காலை மிதித்தாள்.

டீ குடிக்கும்போது வா.விடம் நேராகவே கேட்டேன். நான் எத்தனையோ நாடகம் பார்த்துவிட்டேன், நடித்தும் விட்டேன். தொட்டில் பிள்ளை அடுத்த காட்சியில் ஓடுகிறது, அதற்கடுத்த காட்சியில் தாலிக்குக் கழுத்தை நீட்டுகிறது. பதின்மூன்று வயது என்று ஒரு வயது நாடகத்தில் கிடையவே கிடையாது. ஏன்?

"சின்னப் புள்ளய வெச்சுக்கிட்டு நான் என்னா கதை பண்றது கோமளா? அது காதலிக்குமா? கடிதாசி எழுதுமா? ஓடிப் போவுமா? சோறு கேக்கும், தூங்கும். அத எவன் காசு குடுத்துப் பாப்பான்?"

"போன வாரம் வரைக்கும் பாத்தாங்களே."

அவர் டீக்கு இன்னொரு தரம் சர்க்கரை கேட்டார்.

லூர்துவின் அம்மா மதலேன் அக்கா பக்கப் படுதாவுக்குப் பின்னால் உட்கார்ந்து ஏதோ பின்னிக்கொண்டிருந்தாள். சாம்பல் நிறக் கம்பளி. நான் போனதும் மடியில் சுருட்டிக்கொண்டாள்.

"யாருக்குக்கா?"

"சும்மா, மேதாம் கேட்டாங்க." அவள் சமைக்கிற வீட்டு வெள்ளைக்கார அம்மாளைச் சொல்கிறாள்.

மேதாம் பெரிய உருவம். பின்னியிருந்த அந்தக் கம்பளிக் கை லூர்துவின் கையளவுதான் இருந்தது.

12-11, சனி

காலையில் வெயில், சாயங்காலம் தூறல். ஐந்தாம் பாகம். நானும் லூர்துவும் பட்டினி கிடக்கிற காட்சி. சாதாரணமாக நன்றாகச் செய்வாள், இன்று நடை சரியில்லை, நொண்டினாள். உள்ளே வந்ததும் காலைப் பிடித்துப் பார்த்தேன். இரண்டு குதிகாலிலும் கொப்புளம்.

"என்னாடி இது?"

"பூட்சு கடிச்சுருச்சுக்கா."

"உனக்கு ஏது பூட்சு?"

"அம்மா போட்டு நடந்து பழவச் சொல்லுது. வீட்டுக்குள்ளயே நடக்குறேன்."

வீட்டுக்குள் பூட்சு போட்டு நடக்கப் பழகுகிற பிள்ளையை இந்த ஊரில் நான் பார்த்ததில்லை. தேங்காயெண்ணெய் தடவினேன். என் தோளில் சாய்ந்து தூங்கிவிட்டாள். ரிக்‌ஷாவில் வரும்போது இவர் பிள்ளையின் காலையே பார்த்துக்கொண்டு வந்தார்.

13-11, ஞாயிறு

தோசைக்கு அரைத்திருந்தேன். லூர்து நான்கு தின்றாள். தின்றுகொண்டே கேட்டாள்.

"அக்கா, பனி கையில எடுத்தா ஒட்டிக்குமா?"

"எந்தப் பனி? புல்லு மேல இருக்குமே, அதுவா?"

"இல்லக்கா. வெள்ளையா, உப்பு மாதிரி, கும்பலா."

இவர் குறுக்கே வந்து, "சாப்புடும்போது பேசாதம்மா, பொரை ஏறிடும்" என்றார். இந்த வீட்டில் சாப்பிடும்போது பேசாத நாளே கிடையாது.

பூட்சு, கம்பளி, பனி. இப்போது எல்லாம் பொருந்திவிட்டது. சினிமாக் கம்பெனி! மெட்ராஸிலிருந்து எவனோ வந்து நாடகம் பார்த்திருக்கிறான், பிள்ளையைப் பிடித்திருக்கிறான், ஊட்டியில் படம் எடுக்கப் போகிறார்கள். மதலேன் அக்கா பிள்ளையை விற்றுவிட்டாள். வா.வுக்கும் இதில் பங்கு. அதனால்தான் மீனா திடீரென்று வளர்கிறாள்.

என்னிடம் சொன்னால் நான் தடுப்பேன் என்று பயம். தடுக்கத்தான் செய்வேன். ஒன்பது வயதுப் பிள்ளையை விளக்கு வெளிச்சத்தில் நாள் முழுக்க நிறுத்துவார்கள். நேரத்துக்குச் சோறு போட மாட்டார்கள். எனக்குத் தெரியும், நான் எட்டு வயதில் மேடை ஏறினவள்.

மாதா கோயில் வாசலில் மதலேன் அக்காவின் முகத்தைப் பார்த்தேன். என்னைப் பார்த்துச் சிரித்தாள். கண் சிரிக்கவில்லை.

15-11, செவ்வாய்

இவர் மத்தியானம் வெளியே போய் இருட்டி வந்தார்.

"எங்க போனீங்க?"

"ஆர்மோனியத்துல ஒரு கட்டை அழுவுது. சரி பண்ணக் குடுத்துட்டு வந்தேன்."

ஆர்மோனியம் மூலையில் போர்வை போர்த்திக்கொண்டு உட்கார்ந்திருக்கிறது. அவர் அதன் பக்கத்திலேயே நின்று இதைச் சொன்னார். நான் அதைப் பார்த்தேன். அவரும் பார்த்தார். பிறகு, "நாளைக்குத்தான் எடுத்துக்கினு போவணும்" என்றார்.

இவ்வளவு மோசமாகப் பொய் சொல்கிற மனுஷனை வைத்துக்கொண்டு நான் ஏன் யோசித்து மண்டையை உடைத்துக்கொள்கிறேன்? நாளை மறுநாள் உப்பளம் போய் மதலேன் அக்காவையே கேட்டுவிடுவது. சண்டை வந்தால் வரட்டும்.

ரசம் வைத்தேன். உப்பு போட மறந்தேன். இவர் ஒன்றும் சொல்லாமல் சாப்பிட்டார். குற்றம் செய்தவர் சாப்பாடு.

17-11, வியாழன்

எழுத முடியுமா தெரியவில்லை. எழுதுகிறேன்.

காலையிலேயே உப்பளம் போனேன். வழியெல்லாம் வசனம் பேசிக்கொண்டே போனேன், ஒரு வார்த்தை விடாமல் தயார். "பெத்த புள்ளய சினிமாக்காரனுக்குத் தூக்கிக் குடுக்க உனக்கு எப்புடிக்கா மனசு வந்துச்சு?" அதுதான் முதல் வரி.

கதவு திறந்திருந்தது. அறையில் கட்டில் இல்லை. பாத்திர அலமாரி இல்லை. இரண்டு பெரிய தகரப் பெட்டி, ஒன்று மூடிக் கயிறு கட்டியது, ஒன்று திறந்தது. திறந்த பெட்டியில் மேலாக அந்தச் சாம்பல் கம்பளி, ஸ்வெட்டராக, முடிந்து. மாதா படத்தைத் துணியில் சுற்றிக்கொண்டிருந்தாள் மதலேன் அக்கா.

என் முதல் வரி போய்விட்டது.

"எங்க போறீங்க?"

அவள் உட்கார்ந்துவிட்டாள். "அவரு வரச் சொல்லிட்டாரு கோமளா. பஸ்போர், கப்பல் சீட்டு எல்லாம் வந்துருச்சு."

அவள் புருஷன் பிரெஞ்சுப் பட்டாளத்தில் சொல்தா, அதாவது சிப்பாய். சைகோனில் இருந்தார், அப்புறம் எங்கெங்கோ, இப்போது பிரான்சிலேயே வேலை, வீடு. ஐந்து வருஷமாகக் கடிதம் மட்டும்தான். அவர் கூப்பிடவே மாட்டார் என்று நான்தான் அவளிடம் அடிக்கடி சொல்லியிருக்கிறேன். திங்கட்கிழமை மத்தியான ரயிலில் விழுப்புரம், அங்கிருந்து பம்பாய், பம்பாயில் கப்பல்.

"எங்கிட்ட ஏன்க்கா சொல்லல?"

"உன் வீட்டுக்காரரு வேணாம்னாரு. முந்தாநாளு கூட வந்துட்டுப் போனாரு. கடைசி நாடகம் முடியட்டும், நானே சொல்றேன்னாரு."

"லூர்துக்குத் தெரியுமா?"

மதலேன் அக்கா என்னைப் பார்க்கவில்லை. "அதுக்குத்தான் மொதல்ல தெரியும். அப்பா கடுதாசிய அதான படிச்சுக் காட்டுது, எனக்கு பிரெஞ்சு எங்க வரும்?"

அப்படியானால் என் வீட்டில் தோசை தின்றபோது தெரியும். ரிப்பன் வேண்டாம் என்றபோது தெரியும். என் தோளில் தூங்கினபோது தெரியும். நான் மேடையில் அழ வைக்கிறவள், கண்ணைப் பார்த்துப் பொய் சொல்கிறவள் என்று பேர் வாங்கினவள். எனக்கு முன்னால் ஒன்பது வயதுப் பிள்ளை வாரக்கணக்காக நடித்திருக்கிறாள், நான் கண்டுபிடிக்கவில்லை.

அவள் பள்ளிக்கூடம் விட்டு வருவதற்குள் வந்துவிட்டேன். நான் வந்ததைச் சொல்ல வேண்டாம் என்று மதலேன் அக்காவிடம் சத்தியம் வாங்கினேன். ஏன் வாங்கினேன் தெரியவில்லை. இப்போது நானும் அதில் சேர்ந்துவிட்டேன்.

18-11, வெள்ளி

நேற்று ராத்திரி பேசவில்லை. காலையில் பேசினேன். பேசினேன் என்ன, கத்தினேன். எதிர்வீட்டு அம்மாள் கோலம் போடுவதை நிறுத்திவிட்டுக் கேட்டாள்.

"ஊரே சேந்து எங்கிட்ட நடிக்கிறீங்களா? சிங்காரம் அண்ணனுக்குத் தெரியுமா?"

"தெரியும்."

"லைட்டுக்காரருக்கு?"

"...தெரியும்."

"அந்தக் கடலூருப் பொண்ணுக்கு?"

அவர் துண்டை எடுத்து உதறினார். அவளுக்கும் தெரியும்.

பிறகு மெதுவாகச் சொன்னார். "ஆஸ்பத்திரிலருந்து வந்து ஒரு வருஷம் நீ எங்கூடப் பேசல கோமளா. தொட்டிலுக்கு வாங்கின கயித்தக் கூட என்னத் தொட விடல. இந்தப் புள்ள சனிக்கிழம வர ஆரம்பிச்சப்புறம்தான் இந்த வீட்டுல அடுப்பு ஒழுங்கா எரியுது. எனக்கு பயமா இருந்துச்சு. ரெண்டு சனிக்கிழம அதிகமா கெடைக்கட்டும்னு பாத்தேன்."

அவர் சொன்னது உண்மையாக இருக்கலாம். உண்மையாக இருப்பதால் இன்னும் கோபமாக இருக்கிறது.

சாயங்காலம் ஒத்திகை. வா.வைத் தனியாகப் பிடித்தேன்.

"அவ ஊருக்குப் போறான்னா இன்னொரு சின்னப் புள்ளயப் போட வேண்டியதுதான? எதுக்கு வளக்கணும்?"

"போட்டா என்னா ஆவும் தெரியுமா? 'யோவ், இது வேற புள்ளயா'ன்னு பின்னாலருந்து கத்துவான். அதே வயசுல வேற மூஞ்சி வந்தா ஜனங்க விட மாட்டாங்க. பெரிய பொண்ணா வந்தா வேற மூஞ்சின்னு எவனும் கேக்க மாட்டான். வளந்துருச்சுன்னு நெனச்சுக்குவான்."

"நீங்க எழுதுன எல்லா நாடகத்துலயும் இப்புடித்தானா?"

"பாதிக்குப் பாதி" என்றார். "ஒரு புள்ளைக்கு அம்மை போட்டுச்சு. ஒண்ண அவங்கப்பன் பள்ளிக்கூடத்துல சேத்துட்டான். ஒண்ணுக்கு பல்லு விழுந்து வசனம் காத்தாப் போச்சு. எல்லாத்தையும் ஒரு விளக்க அணைச்சு பெருசாக்கிட்டேன்."

முதல் தடவையாக அந்த மனுஷனைப் பார்க்கப் பாவமாக இருந்தது. ஆனாலும் வா. என்றே எழுதுவேன்.

20-11, ஞாயிறு

நேற்று ஆறாம் பாகம். நடந்ததை அப்படியே எழுதுகிறேன்.

கூட்டம் நெரிசல். லூர்து பாவாடை சட்டையில் வந்து பெஞ்சியில் என் முன்னால் உட்கார்ந்தாள். எனக்குத் தெரியும் என்பது அவளுக்குத் தெரியாது. சீப்பை வைத்தேன். முதுகு நேராக, ஒத்திகையில் சொன்னபடி. வசனம் சொன்னேன். "இந்த முடி எப்ப வளந்து, நான் எப்பப் பூ வெச்சுப் பாக்கப் போறேன்." குரல் சரியாகத்தான் வந்தது. "வளந்துரும்மா" என்றாள். அது எழுதினது இல்லை. அவள் வசனம் "சீக்கிரம் வாரும்மா" என்பதுதான்.

விளக்கு அணைந்தது. இவர் வாசிக்க ஆரம்பித்தார்.

அவள் எழுந்திருக்கவில்லை. கை கோத்திருந்தது. அவள் என் மணிக்கட்டைப் பிடித்தாளா, நான் அவளுடையதைப் பிடித்தேனா, இப்போது வரை தெரியவில்லை. வலது பக்கம் விமலாவின் மூச்சு கேட்டது, பெஞ்சியில் இடம் தேடுகிறாள். படுதாவிலிருந்து வா. "போ, போ, போ" என்று பல்லைக் கடிக்கிறார். வாசித்து முடிக்க வேண்டிய இடத்தில் இவர் முடிக்கவில்லை. திரும்ப முதலிலிருந்து வாசித்தார். அவருக்குப் புரிந்துவிட்டது. ஒரு கையால் மாவை எடுத்து எப்படியோ காதோரம் தேய்த்துக்கொண்டேன். இன்னொரு கையை எடுக்கவில்லை.

லைட்டுக்காரர் பாவம், எவ்வளவு நேரம் பொறுப்பார். போட்டுவிட்டார்.

மேடையில் இரண்டு மீனா. ஒருத்தி புடவையில், ஒருத்தி பாவாடையில், நடுவில் தலையெல்லாம் மாவோடு நான். பின்னால் ஒருவன் சிரித்தான். அது முன்னால் பரவ ஆரம்பித்தது. விமலா திறந்த வாயை மூடவில்லை. லூர்துவின் கண்ணில் பயம். நான்கு பாகம் ஐந்து பாகம் கைதட்டல் வாங்கின பிள்ளை, கடைசி நாளில் கேலிக்கு ஆளாகப்போகிறாள்.

அப்போது என் வாயில் வந்தது இது.

"யாரு, பக்கத்து வூட்டுப் பாப்பாவா? இங்கயே குந்தியிருக்கியே கண்ணு. உங்கம்மா தேடுவாங்க. எழுந்து வூட்டுக்குப் போ."

சொல்லிவிட்டு அவள் கையை என் கையிலிருந்து எடுத்தேன். எல்லார் முன்னாலும், வெளிச்சத்தில், நானே எடுத்தேன்.

அவள் என்னையே பார்த்தாள். எனக்குத் தெரியும் என்பது அப்போதுதான் அவளுக்குத் தெரிந்தது. பாவாடையைத் தட்டிக்கொண்டு எழுந்தாள்.

"சரி ஆயா. நாளிக்கி வரேன்."

நடந்து போனாள். நொண்டவில்லை. நரையைப் பார்த்து ஆயா என்றதும் கொட்டகை முழுக்கச் சிரித்துக் கைதட்டியது. இப்போது அது நல்ல சிரிப்பு. விமலாவும் சுதாரித்துக்கொண்டு, "பாவம்மா, நல்ல புள்ள" என்றாள். அதுவும் எழுதாத வசனம். அவளைப் பற்றி நான் நினைத்ததில் கொஞ்சம் குறைத்துக்கொள்ள வேண்டும்.

முடிந்ததும் வா. ஓடி வந்து என் காலில் விழாத குறை. "இத அப்புடியே வெச்சுக்கலாம் கோமளா, வேற ஊர்ல போடும்போதும் வெச்சுக்கலாம்." நான் சீப்பை எடுத்து எறிந்தேன். அவர் மேல் படவில்லை.

லூர்துவை மதலேன் அக்கா நேற்று அங்கிருந்தே கூட்டிக்கொண்டு போய்விட்டாள். சாமான் கட்ட வேண்டுமாம். இன்று எண்ணெய்க் குளியல் இல்லை. தோசை மாவு பொங்கிக் கிடக்கிறது.

21-11, திங்கள்

ஸ்டேஷனுக்குப் போனோம். போக மாட்டேன் என்றுதான் காலையில் சொன்னேன்.

நல்ல வெயில். மழைக்காலத்தில் இப்படி ஒரு வெயில். அந்த வெயிலில் பிள்ளைக்கு ஸ்வெட்டர் போட்டிருந்தாள் மதலேன் அக்கா. பெட்டியில் இடமில்லையாம். கழுத்தெல்லாம் வேர்வை. பூட்சு. வாரிப் பின்னினது கோணல், அவள் அம்மாவுக்கு வகிடு எடுக்கவே வராது. அவிழ்த்துப் பின்னலாம் என்று கை போனது. நேரமில்லை.

நான் அழ ஆரம்பித்துவிட்டேன். லூர்து அழவில்லை. என் முந்தானையை எடுத்து என்னிடமே கொடுத்துச் சொன்னாள்.

"அழுவாதக்கா. அம்மா பாத்தா அம்மாவும் அழுவும். அப்புறம் ரெண்டு பேரையும் நான்தான் பாத்துக்கணும்."

"எனக்குக் கடுதாசி போடுவியா?"

"போடுறேன். தமிழ்ல போடுறேன். மாமா படிக்கிறதுக்குப் பெருசு பெருசா எழுதுறேன்."

ஏறிவிட்டார்கள். ஜன்னலில் கை ஆட்டினாள். சிரித்த முகம். நான் அடிக்கிற காட்சியில்கூட அவள் அவ்வளவு கெட்டிக்காரத்தனமாக நடித்ததில்லை. அல்லது நடிப்பே இல்லையா, அவளுக்கு ஒன்றுமே இல்லையா? சனிக்கிழமை வருகிற வீடு, அவ்வளவுதானா நான்? அப்பா, கப்பல், வெள்ளையாகக் கும்பலாகப் பனி, இத்தனை இருக்கும்போது நெல்லித்தோப்பு எந்த மூலை.

அந்தச் சிரித்த முகத்தைப் பார்க்க முடியவில்லை. ரயில் நகர்ந்ததும் நான் திரும்பி வெளியே வந்துவிட்டேன். இவர் கொஞ்ச நேரம் கழித்து வந்தார்.

24-11, வியாழன்

கீரைக்காரி: "என்னா பெரியம்மா, பொண்ணுக்கு எப்போ கல்யாணம்?" போன மாதம் வரை தங்கச்சி என்று கூப்பிட்டவள். மாவு நரை வீடு வரைக்கும் வந்துவிட்டது.

விமலாவுக்கு மூக்கால் பேசாமல் இருக்கச் சொல்லிக் கொடுத்தேன். தொப்புளிலிருந்து பேசு என்றேன். தொப்புளைத் தொட்டுப் பார்த்துக்கொண்டாள்.

எதையும் நம்ப முடியவில்லை. பால்காரர் நாளைக்கு வர மாட்டேன் என்றார், ஏன் என்று இரண்டு தடவை கேட்டேன். மாமியார் வீடு என்கிறார். இருக்கலாம்.

27-11, ஞாயிறு

நேற்று ஏழாம் பாகம் நடந்தது. சின்ன மீனா எங்கே போனாள் என்று ஒருத்தரும் கேட்கவில்லை. விமலாவைப் பார்த்து, "மீனா, அந்தப் பையன நம்பாத!" என்று கத்துகிறார்கள். வா. சொன்னது சரியாகிவிட்டது. அந்த விளக்குமாற்றுக் காட்சியில் எனக்குச் சாபம் கொடுத்த பொம்பளை மட்டும் வெளியே என்னைப் பிடித்து, "அந்தப் பக்கத்து வூட்டுக் கொழந்த இனிமே வராதா?" என்றாள். வராது என்றேன். "அது நல்லா இருந்துச்சு" என்று சொல்லிவிட்டுப் போனாள்.

உள்ளே வந்தால் வா.வும் இவரும் ஆர்மோனியத்துக்குப் பக்கத்தில் தலையை ஒட்டிக்கொண்டு பேச்சு. என்னைப் பார்த்ததும் நிறுத்தினார்கள்.

வழியில் கேட்கவில்லை. வீட்டுக்கு வந்து சோறு போட்டு, எதிரில் உட்கார்ந்து கேட்டேன்.

"என்னா பேசினீங்க?"

"பார்வதிய எட்டாம் பாகத்துல சாவடிக்கலாமான்னு கேட்டாரு. நான் வேணாம்னேன்."

"வேற?"

"வேற ஒண்ணுமில்ல."

"பாருங்க. இனிமே எனக்கு நல்லதுன்னு நெனச்சு எதையும் மறைக்காதீங்க. தாங்குறனா இல்லையான்னு நான் பாத்துக்குறேன். வேற எதுனா இருக்குதா?"

சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தார். நான் எழுந்து போய்விடுவேனா என்று பார்த்தார். போகவில்லை.

"நீ திரும்பிப் போனப்புறம் நான் ரயிலுகூடவே நடந்தேன். பிளாட்பாரம் முடியற வரைக்கும்."

"சரி."

"நீ போயிட்டியான்னு புள்ள எட்டிப் பாத்துச்சு. நீ இல்லன்னு தெரிஞ்சதும் ஜன்னல் கம்பியப் புடிச்சுக்கினு ஓன்னு ஒரே அழுகை. மதலேனு தூக்குனா தூக்க முடியல. அக்கான்னு அக்கான்னு கத்துச்சு. ரயிலு வளையற வரைக்கும் கேட்டுச்சு எனக்கு."

அவர் சாப்பிட்டு முடிக்கும்வரை அங்கேயே உட்கார்ந்திருந்தேன்.

அழுதிருக்கிறாள். நல்லவேளை, அழுதிருக்கிறாள்.